தாயக்கட்டையும் தேய்வு விதியும்: ஒரு வகுப்பறைப் பரிசோதனை பற்றி

கதிர்த்தொழிற்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கையாளும் எளிய பரிசோதனை ஒன்றுண்டு. நூறு தாயக்கட்டைகள் ஒருசேர எறியப்படுகின்றன. ஆறு விழுந்தவை தேய்ந்த அணுக்கருக்களாகக் கொள்ளப்பட்டு அகற்றப்படுகின்றன. எஞ்சியவை மீண்டும் எறியப்படுகின்றன. எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 83, 69, 58, 48 என இறங்கிச் செல்லும். அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 3.8 எறிதல்கள். (ஓர் எறிதலை ஒரு நாளாகக் கொண்டால் இது ரேடன்-222 இன் அரைவாழ்வுக் காலத்தோடு பெரிதும் ஒத்துவருவது சுவையானதொரு தற்செயல்.)

இலக்கிய ஆய்வாளர் இதிலே தலையிடுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயின் இங்கு பிரச்சினைக்குரியது பௌதிகம் மட்டுமன்று, அதனை நாம் எடுத்துரைக்கும் மொழியுமாகும். தமிழில் 'விதி' என்னும் சொல் இயற்கையின் ஒழுங்கையும் தலையெழுத்தையும் ஒருங்கே சுட்டுவது. 'தேய்வு', 'வாழ்வுக் காலம்' என்பனவோ முதுமையை நினைவூட்டுவன. இவை ஒன்றுசேருமிடத்து, ஒவ்வொரு கருவும் முன்னரே குறிக்கப்பட்ட நாளை நோக்கி மூப்படைந்து செல்கிறது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றுவது எளிது. அவ்வெண்ணத்தைத் தகர்ப்பதே இப்பரிசோதனையின் தலையாய பயன் என்போம். பத்து எறிதல்களில் தப்பிய கட்டைக்கும் அன்றுதான் கையிலெடுத்த கட்டைக்கும் அடுத்த எறிதலில் ஆறு விழும் நிகழ்தகவு ஒன்றே. கரு மூப்பதில்லை.

எனினும் நடைமுறையில் நிகழ்வது யாது? முதல் எறிதலின்பின் 83 எஞ்சவேண்டிய இடத்தில் ஒரு குழுவுக்கு 79, மற்றொன்றுக்கு 87 எஞ்சுகிறது. இவை 'வழு' எனக் குறிக்கப்பட்டு, புள்ளிகளுக்கூடாக ஒப்பமான வளையி வரையப்படுகிறது. பாடமும் முடிந்துவிடுகிறது. நூறு கட்டைகளில் ஆறு விழுபவை 13 ஆகவோ 20 ஆகவோ இருத்தல் முற்றிலும் இயல்பு. அவ்விலகல் அளவீட்டின் குறையன்று; நிகழ்வின் தன்மையே அது. 1905 இல் ஷ்வைட்லர் தேய்வை நிகழ்தகவு நோக்கில் விளக்கினார். 1910 இல் ரதர்ஃபோர்டும் கைகரும் பொலோனியத்திலிருந்து வெளிப்பட்ட அல்பாத் துணிக்கைகளை 7.5 செக்கன் கொண்ட 2608 இடைவேளைகளில் எண்ணினர். அவர்கள் ஏற்றத்தாழ்வுகளைக் களையவில்லை. அவற்றையே ஆய்வுப் பொருளாக்கினர். ஒரு துணிக்கையேனும் தோன்றாத 57 இடைவேளைகளும் அவர்களது அட்டவணையில் இடம்பெற்றன. நமது வகுப்பறைகள் அழித்துவிடுவது இதனைத்தான்.

தற்செயலை மறுத்து யாவற்றையும் அவசியத்துள் அடக்கும் இயந்திரப் பாங்கான நோக்கு, ஈற்றில் ஊழ்க் கொள்கையிலேயே வந்து சேரும் என்பதை எங்கெல்ஸ் 'இயற்கையின் இயக்கவியல்' நூலில் சுட்டிக்காட்டியுள்ளார். ஒப்பமான வளையியை மட்டும் கண்ட மாணவன் கற்பது இந்த ஊழையே. தனியொரு கட்டை எப்போது விழும் என எவராலும் சொல்லவியலாதிருக்க, பலவற்றின் கூட்டத்தில் ஒழுங்கொன்று உருவாவதைக் கண்டவனோ தற்செயலையும் அவசியத்தையும் பிரிக்கவொண்ணாத உறவில் காண்கிறான்.

தாயக்கட்டை உவமைக்கு எல்லையுமுண்டு. கையின் விசை, மேசையின் பரப்பு முதலியவற்றை முற்றாக அறிந்தால் கட்டையின் வீழ்ச்சியைக் கொள்கையளவிலேனும் கணிக்கலாம். கருவின் நிலை வேறு. 1928 இல் காமோவும், தனியே கேர்னி, கொண்டன் ஆகிய இருவரும் சக்திச் சொட்டுப் பொறியியலைக் கொண்டு அல்பாத் தேய்வை விளக்கியபோது கிடைத்ததும் நிகழ்தகவே. குறித்ததொரு கருவின் கணமன்று. இவ்வேறுபாட்டைப் பரிசோதனையின் முடிவில் ஆசிரியர் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். அத்துடன், எல்லாக் குழுக்களின் வரைபுகளையும் சராசரியாக்குமுன் அவ்வாறே அருகருகே சுவரில் தொங்கவிடுவதற்குக் கால் மணி நேரமும் ஆகாது.