கைக்குப் பொருந்தாத வேகம்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு ஞாயிறு காலைகளில் போய்வரும் ரோடு பைக்குகளின் முன்புறம் சில ஆண்டுகளாக மாறிவருகிறது. உருண்டைக் குழாயை வளைத்துச் செய்த டிராப் ஹேண்டில்பார் குறைந்துகொண்டே போகிறது. மேல்பகுதி தட்டையாக, விமான இறக்கையின் வடிவில் மெலிந்து, பாரைப் பைக்கோடு இணைக்கும் ஸ்டெம்மோடு ஒரே வார்ப்பாக வரும் கார்பன் ஏரோ பார்கள் பெருகிவிட்டன. வாங்கியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எட்டு வாட் சும்மா கிடைக்குது. அதை ஏன் விடணும்?" அந்த எட்டு வாட் சும்மா கிடைப்பதில்லை, நம் சாலையில் அதற்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பதே என் வாதம்.

காற்றின் கணக்கு ஏரோ பாரின் பக்கம்தான் இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. உருண்டைக் குழாய் காற்றுக்கு மிக மோசமான வடிவம். காற்று அதன் பின்புறம் பிரிந்து சுழித்து, குழாயைப் பின்னுக்கு இழுக்கிறது. அதே தடிமனுள்ள இறக்கை வடிவத்தில் அந்த இழுப்பு பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். பாரின் மேல்குழாயின் நீளத்தையும் தடிமனையும் வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய எட்டு வாட் மிச்சம் என்று வருகிறது. பின்னால் கால்களும் உடலும் இருப்பதால் நிஜத்தில் இன்னும் குறையலாம். ஆனாலும் பொய்க் கணக்கு அல்ல. அம்மியையே அசைக்கும் ஆடிக் காற்று எதிரே அடிக்கிற நாளில், ஓசூர் மேட்டு நிலத்தில் 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கும் காற்று 40 கி.மீ. வேகத்தில்தான் வந்து மோதும். அன்றைக்கு இந்தப் பார் தன் வேலையைச் செய்யும்.

ஏரோ பாரின் பெருமையைப் பேசுகிறவர்கள் தவறாமல் 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸைச் சொல்வார்கள். கடைசி நாளின் 24.5 கி.மீ. தனிநேர ஓட்டத்துக்கு முன் 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் பாரைப் பொருத்திக்கொண்டு, லோரான் ஃபினியோனை மொத்தக் கணக்கில் 8 வினாடியில் வென்றார். சரியான சான்றுதான், ஆனால் அது நிரூபிப்பது வேறு ஒன்றை. லெமாண்டின் பார் வேலை செய்தது அதன் குழாய் மெலிந்திருந்ததால் அல்ல. அது அவர் கைகளை ஒடுக்கி, முதுகைத் தாழ்த்தி, உடலையே சின்னதாக்கியது. சமதளத்தில் வேகமாகப் போகும் சைக்கிளின் காற்றெதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது. பார் உடலை எப்படி உட்கார வைக்கிறது என்பது முதல் கேள்வி. பாரின் வடிவம் காற்றை எப்படிக் கிழிக்கிறது என்பது வெகு தூரம் தள்ளி வரும் கேள்வி. நம் ஊர்க் கடைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

வேகத்தைப் பார்ப்போம். காற்றுக்காகச் செலவாகும் வாட் வேகத்தின் முப்படியில் ஏறி இறங்குகிறது. 40 கி.மீ. வேகத்தில் எட்டு வாட் என்றால், 25 கி.மீ. வேகத்தில் அது இரண்டு வாட். அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குத் திரும்ப ஏறும் மலைப்பாதையில் 12 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன்: மெதுவாகப் போகிறவர் அதிக நேரம் காற்றில் இருக்கிறார், ஆகவே அவருக்குத்தான் அதிக நிமிடங்கள் மிச்சமாகும் என்பார்கள். சமதளத்தில் இது உண்மை. பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுள்ள 200 கி.மீ. பிரவே எனும் நெடுந்தூர ஓட்டத்தில், 25 கி.மீ. சராசரியில் போகிறவருக்கு மூன்று, நான்கு நிமிடம் மிச்சமாகலாம். மரத்துப்போன கையை உதறுவதற்காக ஒரு முறை இறங்கி நின்றால் அந்த நிமிடங்கள் போய்விடும்.

கை மரத்துப்போவதைப் போகிறபோக்கில் சொல்லவில்லை. என் நெடுநாள் ஆட்சேபம் அங்கேதான் இருக்கிறது.

சாதாரணப் பாரில் மூன்று சங்கதிகளைத் தனித்தனியே மாற்றலாம். ஸ்டெம்மின் முகப்பிலுள்ள நான்கு போல்ட்டைத் தளர்த்திப் பாரை இரண்டு டிகிரி மேலோ கீழோ சுழற்றலாம். ஸ்டெம் நீளமாகத் தோன்றினால் 10 மி.மீ. குட்டையானதை, பாரை மாற்றாமல், கேபிளைக் கழற்றாமல், மாட்டலாம். அகலம் பொருந்தவில்லையென்றால் பாரை மட்டும் மாற்றலாம். ஒரே வார்ப்பாக வரும் ஏரோ பாரில் இந்த மூன்றும் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. சுழற்ற வழியே இல்லை. நீளத்தை மாற்ற வேண்டுமென்றால் முழுப் பாரையும் தூக்கிப்போட்டு, பல பத்தாயிரம் ரூபாய்க்கு இன்னொன்று வாங்க வேண்டும்.

வாங்கும் நாளில் யாருக்குத் தன் உடம்பு தெரியும்? முதல் ஆறு மாதத்தில் இடுப்பு வளையப் பழகுகிறது, கழுத்து நிமிர்ந்து பார்க்கப் பழகுகிறது, எட்டாத கீழ்வளைவு, அதாவது டிராப், மெல்ல எட்டுகிறது. நாற்பது வயதில் சைக்கிளுக்கு வந்தவருக்கு எதிர்த்திசையிலும் நடக்கும்: முதல் மாதம் பொறுத்துக்கொண்ட நீட்டம் மூன்றாம் மாதம் தோளில் வலியாக வந்து உட்காரும். தொழில்முறை வீரருக்கு அணியின் செலவில் உடலளவு எடுத்து, நாலைந்து பார்களை மாற்றிப் பார்த்து, கடைசியில் தேர்ந்ததைத் தருகிறார்கள். அவர் கையில் அது ஒரு நீண்ட தேடலின் முடிவு. நம்மவர் கையில் அதே பொருள் தேடல் தொடங்கும் முன்பே வந்து சேர்கிறது.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பார்த்துச் சரி, தப்பு சொல்பவர். அவருடைய பைக்கோடு வந்த பார் 42 செ.மீ. அகலம், 110 மி.மீ. ஸ்டெம் நீளம். ஃபிரேம் அவருக்குச் சரியான அளவுதான். பார்தான் எட்டவில்லை. பிரேக் லிவரின் மேல்மூடியை, ஹூட் என்பார்களே அதை, பிடித்தாலே முழங்கை நேராகப் பூட்டிக்கொள்ளும். ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் நேரே தோளுக்குப் போகும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு அழுந்துவதன் அடையாளம் அது. டிராப்பைப் பிடித்துக் குனிவது அவரால் சில நிமிடங்களுக்கு மேல் முடியாது. விற்ற கடையில் கேட்டார். வேறு அளவு வரவழைக்க நாளாகும், முழு விலை, கேபிள் பிரித்துக் கோக்கக் கூலி தனி என்றார்கள். பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறார்.

அவர் பின்னால் ஓட்டிப் பார்த்தால் இந்தப் பாரின் முரண் கண்ணுக்கு நேரே தெரியும். முன்னால் இறக்கை வடிவில் காற்றை அறுக்கும் பார். அதற்குப் பின்னால் கை நீட்டி, மார்பு நிமிர்ந்து, பாய்மரம்போல் காற்றை வாங்கும் மனிதர். அதே ஹூட்டைப் பிடித்து முழங்கையை மடித்து முன்கையைக் கிடையாக்கினால் 40 கி.மீ. வேகத்தில் 30 வாட்டுக்கு மேல் மிச்சமாகும். அவருடைய பார் அதைச் செய்யவிடுவதில்லை. எட்டு வாட் கொடுத்து முப்பதைப் பிடுங்கிக்கொள்ளும் பொருளை வேகத்துக்கான பொருள் என்று எப்படிச் சொல்வது? இருபது மி.மீ. குட்டையான சாதாரண அலுமினிய ஸ்டெம் ஒன்று, ஒரு ஆலன் கீ, கால் மணி நேரம். சாதாரணப் பாராக இருந்தால் அவர் சிக்கல் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

மலைப்பாதையிலும் இதே கதை. உட்கார்ந்தபடி மெதுவாக ஏறும்போது ஹேண்டில்பாரின் மேல்குழாயைப் பிடிப்பது இயல்பு; மார்பு விரியும், மூச்சு இலகுவாகும். உருண்டைக் குழாயில் கட்டைவிரல் அடியில் சுற்றி மற்ற விரல்களோடு சேர்ந்துகொள்ளும். அகலமான தட்டையில் அது சேராது. உள்ளங்கை மேலே படுத்துக் கிடக்கும், மணிக்கட்டு மடங்கும். தட்டையான பரப்பு உள்ளங்கைக்கு நல்ல தாங்கல் என்று சிலர் சொல்கிறார்கள். மழமழப்பான சாலையில் அப்படித்தான் இருக்கும்; நம் சாலை அப்படியில்லை. பல பார்களில் மேலே டேப்பும் சுற்றுவதில்லை. பங்குனி வெயிலில் வியர்வை வழியும் கை, வளைவு திரும்பியதும் ஒரு குழி, பிடி இல்லாத பார். இன்னும் சிலர் சமதளத்தில் அந்தத் தட்டையின் மேல் முன்கையைக் கிடத்தி ஓட்டுகிறார்கள். போட்டிகளிலேயே ஆபத்து என்று சர்வதேச சைக்கிள் ஓட்ட அமைப்பான யு.சி.ஐ. 2021இல் தடை செய்த நிலை அது. மாடும் ஆடும் குறுக்கே வரும், யானை நடமாட்டப் பலகை நட்டிருக்கும் காட்டுச் சாலையில், பிரேக்கை விட்டுக் கையை எடுத்து அப்படி ஓட்டுவதை எந்த வாட் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

பழுது பார்ப்பதையும் சொல்ல வேண்டும். அஞ்செட்டி போன்ற ஊரில் இருக்கும் சைக்கிள் கடை பஞ்சர் ஒட்டும், செயின் மாற்றும், அரசு கொடுத்த பள்ளிச் சைக்கிளின் கோணிய ஹேண்டில்பாரை நேராக்கும். வெளியே கேபிள் ஓடும் ரோடு பைக் கீழே விழுந்து பார் திரும்பிப்போனால் அந்தக் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து அனுப்புவார். ஒரே வார்ப்புப் பாரில் பிரேக் குழாய்கள் பாருக்குள்ளும் ஹெட்செட் பேரிங் வழியாகவும் ஓடுகின்றன. வியர்வையும் மழையும் இறங்கிக் கரகரக்கும் மேல் பேரிங்கை மாற்றப் பல பைக்குகளில் பிரேக் குழாயையே கழற்றி, எண்ணெய் ஊற்றி, காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். "சார், இதுல நான் கை வெச்சா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று ஒரு கடைக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைத்திறன் குறைந்தவர் அல்ல அவர். கார்பன் பாரின் போல்ட்டை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் அவரிடம் இல்லை. ஒரு முறுக்கு அதிகமானால் உள்ளே விரிசல் விழும் என்று அவருக்குத் தெரியும்.

விழுந்த கார்பன் பாரின் விரிசல் வெளியே தெரிய வேண்டும் என்பதும் இல்லை. விழாமலே உடைந்ததும் உண்டு: 2021 மார்ச்சில் பெல்ஜியத்தின் லெ சமின் போட்டியில் மாத்தியூ வான் டெர் போல் என்ற வீரரின் ஏரோ பார் ஓட்டத்தின் நடுவே ஒடிந்தது. அந்தப் பாருள்ள பைக்குகளை ஓட்ட வேண்டாமென்று அவற்றைச் செய்த கன்யான் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. வான் டெர் போலின் பின்னால் மாற்று பைக்கோடு அணிக் கார் வந்துகொண்டிருந்தது. தேன்கனிக்கோட்டைக் காட்டில் நமக்குப் பின்னால் யார் வருகிறார்கள்? அலுமினியப் பாரும் நித்தியமானதல்ல, டேப்புக்கடியில் வியர்வை அதை அரிக்கும். ஆனால் டேப்பைப் பிரித்தால் அரிப்பு கண்ணில் படும், சில ஆயிரம் ரூபாயில் புதிது மாட்டலாம்.

உண்மையிலேயே காற்றைக் குறைக்க விரும்புகிறவருக்கு வழி இல்லாமல் இல்லை. அது அகலத்தில் இருக்கிறது. கைகளை உள்ளே கொண்டுவந்தால் காற்றில் மோதும் முன்பரப்பு குறையும். போட்டிகளில் குறுகிய பார்கள் எல்லை மீறிப் போனதால்தான் 2026 ஜனவரி முதல் வெளிப்பக்க அகலம் குறைந்தது 40 செ.மீ. இருக்க வேண்டுமென்று யு.சி.ஐ. விதி கொண்டுவந்தது. தோள் குறுகிய பெண் வீரர்கள் இந்த விதியை எதிர்த்தார்கள். அவர்கள் உடலுக்கு 40 என்பதே அதிக அகலம் என்றார்கள். ஹூட்டுகளுக்கு இடையிலான அளவில் யு.சி.ஐ. இறங்கியும் வந்தது. பெரிய அமைப்புகளும் பெரிய வீரர்களும் சண்டையிடுவது பாரின் அகலத்தைப் பற்றி. நம் கடைகளிலோ ஐந்தடி இரண்டங்குலப் பெண்ணுக்கும் பைக்கோடு வந்த 42 செ.மீ. பாரையே கொடுத்து, இது ஏரோ என்று சொல்லி அனுப்புகிறார்கள். தோளுக்கு அப்பால் விரிந்த கைகளோடு, எட்டாத பிரேக் லிவரை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு அஞ்செட்டி வளைவுகளில் இறங்குகிறவரிடம் எட்டு வாட்டைப் பற்றிப் பேசுவது அநியாயம். அவருக்குத் தேவை 36 அல்லது 38 செ.மீ. அகலத்தில் ஓர் உருண்டை அலுமினியப் பார், 80 மி.மீ. ஸ்டெம், விரலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்த லிவர். பைக்கை விற்கும் அன்றே, அதே கவுன்ட்டரில், விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இதை மாற்றிக் கொடுக்க எந்தக் கடையாலும் முடியும்.