வாசலில் வாயடைத்து நின்ற வாலிபன்

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பயணம்' தமிழ்த் திருச்சபைக்கு அந்நிய நூலன்று. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளிவந்த தமது 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்திற்கு அதனையே ஆதாரமாகக் கொண்டார். எனினும் அந்நூலின் முதற் பாகம் முடியும் இடத்தில் நம்மில் பலர் நின்று சிந்திப்பதில்லை. கிறிஸ்தியான் நகருக்குள் பிரவேசித்த மகிழ்ச்சியோடு அது முடியவில்லை. அவனுக்குப் பின்னே வந்த 'அறியாமை' என்னும் வாலிபன் கைகால் கட்டப்பட்டு, மலைச்சரிவிலிருந்த வேறொரு கதவுக்குள் தள்ளப்படுவதோடு முடிகிறது. இம்முடிவு நியாயமானதுதானா?

இவ்வாலிபன் துன்மார்க்கன் அல்லன். ஜெபிக்கிறான்; உபவாசிக்கிறான்; தசமபாகம் செலுத்துகிறான்; தருமம் செய்கிறான். கிறிஸ்துவின் மரணத்தையும் அவன் மறுக்கவில்லை. இடுக்கமான வாசல் வழியாய் வராமல் கோணலான ஒரு சந்து வழியாய்ப் பாதையில் ஏறிக்கொண்டான் என்பதே அவன்மேல் முதற் குற்றம். தன் நிச்சயத்திற்கு ஆதாரம் யாதென்று வினவினால், தன் இருதயமே சாட்சி என்கிறான். கிறிஸ்தியான் அவனுடைய விசுவாசத்தைப் பகுத்து ஆராய்ந்து, அவன் உண்மையில் சார்ந்திருப்பது கிறிஸ்துவின் நீதியையன்று, கிறிஸ்துவினிமித்தம் ஏற்கப்படும் தன் சொந்தக் கீழ்ப்படிதலையே என்று காட்டுகிறான்.

இவ்விடத்தில் நமக்கு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய சரியான விடையே உரைகல் எனின், அவ்விடையை மனப்பாடம் செய்து இறையியல் தேர்வில் எழுதிவிடலாமே! பனியன் இதனை அறியாதவர் அல்லர். 'வாயாடி' என்பவனை அவர் முன்னமே நம்முன் நிறுத்தியதன் காரணம் இதுவே. அவன் கிருபையைக் குறித்துப் பிழையறப் பேசுகிறான். உண்மையுள்ளவனும் முதலில் மயங்கிவிடுகிறான். கிறிஸ்தியானோ அவனுடைய ஊர்க்காரன். அவன் வீட்டில் பக்தியில்லை என்பதும், வேலைக்காரரை அவன் ஏசித் துன்புறுத்துவதும் கிறிஸ்தியானுக்குத் தெரியும். பிரசங்க பீடத்திலன்று, வீட்டு முற்றத்திலேயே அங்குச் சோதனை நடைபெறுகிறது.

ஆனால் அயலார் சாட்சியும் முற்றிலும் போதாது. முகஸ்துதிக்காரன் வெள்ளங்கி தரித்து வந்தபோது, கிறிஸ்தியானும் நம்பிக்கையுள்ளவனும் இருவருமாகவே வலையில் விழுந்தனர். மேய்ப்பர் கொடுத்த வழிக்குறிப்பு அவர்களிடம் இருந்தது. அதனை எடுத்துப் பார்க்க மறந்தனர். ஆகவே பயணிகளும் ஏமாறுகிறவர்களே. அவர்கள் எவ்விதத்தில் அறியாமையினின்று வேறுபடுகின்றனர்? கேட்கப்பட்டபோது மறந்தோம் என்று ஒப்புக்கொண்டனர். அதற்கு முன்னரும், துயில் கொண்ட இடத்தில் சுருளை இழந்த கிறிஸ்தியான், வழியிலேயே மடியைத் தடவிப் பார்த்து, இல்லையென்று கண்டு, அழுதுகொண்டு திரும்பி நடந்தான். அறியாமையும் மடியைத் தடவுகிறான். ஆனால் நகர வாசலில், சான்று எங்கே என்று கேட்கப்பட்ட பின்னர். அதுவே முதல் முறை. கலியாண வஸ்திரமில்லாத மனிதனைப் போல அவனும் பேசாதிருந்தான்.

போதகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. மரண ஆற்றிலே கிறிஸ்தியான் மூழ்குந்தறுவாயில் தத்தளித்தான். அறியாமையோ 'வீண் நம்பிக்கை' என்னும் ஓடக்காரனின் உதவியால் எளிதாய்க் கடந்துவிட்டான். அடக்க ஆராதனைகளில், அமைதியாய் மரித்தார் என்பதையே இரட்சிப்பின் அத்தாட்சியாக நாம் எத்தனை முறை கூறியிருக்கிறோம்! கலங்கி மரித்த பக்தரின் வீட்டாருக்கு அச்சொல் எத்தகைய பாரமாயிருந்திருக்கும்!

இவ்வளவும் பனியனின் பக்கமே. எனினும் ஒரு குறையை நாம் மறைக்கலாகாது. பயணிகள் இருவரும் அவ்வாலிபனை ஒருமுறை விட்டு முன்னே நடக்கின்றனர். பிறகு காத்திருந்து பேசினும், அவர்கள் பேச்சில் தர்க்கம் மிகுதி, பரிவு சொற்பம். கிறிஸ்தியானுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றிய சுவிசேஷகன் இவனிடம் ஒருமுறையேனும் வரவில்லை. இவன் துடுக்கான பையன் என்கிறார் ஆசிரியர். சிறையிலிருந்தபோது 1666இல் வெளியிட்ட தன் வரலாற்றில், பக்திக் காரியங்களில் துடுக்காய்ப் பேசுகிறவனாய்த் தாமும் ஒருகாலத்தில் இருந்ததாக அதே சொல்லாலேயே தம்மைக் குறிக்கிறார். அக்காலத்தில் பெட்போர்டு நகரில், ஒரு வாசற்படியில் வெயிலில் அமர்ந்து தேவனுடைய காரியங்களைப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் உரையாடலைக் கேட்டுத் தம் வெறுமையை உணர்ந்தார். அவர்கள் அவரோடு தர்க்கிக்கவில்லை. அறியாமை நடந்த வழியில் அத்தகைய வாசற்படி ஒன்றையும் பனியன் அமைக்கவில்லை.