கிராஸ் செய்யாத செக்

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் போகிற பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கம் வந்துவிடும். ஒரு பக்கம் ஜவ்வாது மலை. டீக்கடையில் பழைய தேர்தல்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். பெரியவர் ஒருவர் சிரித்தார். "நாங்க குத்துனது முரசுக்கு சார். அப்புறம் அதை யார் அடிச்சாங்கன்னு மட்டும் கேக்காதீங்க!"

ஜோக் இல்லை, கணக்கு. நான் பி.காம். கணக்கென்றால் விடமாட்டேன்.

2011 சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. கூட்டணியில் தே.மு.தி.க. 41 இடங்களில் நின்று 29-இல் ஜெயித்தது. செங்கத்தில் அக்கட்சியின் சுரேஷ்குமார். தி.மு.க.வுக்கு 23 இடங்களே கிடைத்ததால், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அடுத்த வருஷமே கூட்டணி உடைந்தது. 2012 அக்டோபரிலிருந்து தே.மு.தி.க. எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராகப் போய் முதல்வர் ஜெயலலிதாவைச் சந்தித்தார்கள். கேட்டால், 'தொகுதி வளர்ச்சி' என்றார்கள். அப்படி விலகி நின்றவர்களில் செங்கத்துக்காரரும் ஒருவர்.

வேடிக்கை என்னவென்றால், யாரும் கட்சி மாறவில்லை! மாறினால் பதவி போகும் என்கிறது 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். அதனால் காகிதத்தில் தே.மு.தி.க., காரியத்தில் வேறு. பதவியைப் பறிக்கலாமா என்று முடிவு செய்பவர் சபாநாயகர். எத்தனை நாளுக்குள் என்று சட்டம் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020-இல்தான்.

கடைசியில் 2016 பிப்ரவரி 21-ஆம் தேதி, ஆயுள் முடிய மூன்றே மாதம் இருக்கும்போது, பத்து எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா. அதில் எட்டுப் பேர் தே.மு.தி.க. கட்சியின் பலம் 20 ஆனது. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு 24 வேண்டும். விஜயகாந்தின் நாற்காலி போயே போச்சு.

ஒற்றைத் தொகுதி பெரிய கணக்கையே மாற்றிய கதை ஹங்கேரியிலும் உண்டு. 2014-இல் ஓர்பானின் கூட்டணி 199-க்கு 133 இடம் பிடித்தது. அரசியல் சட்டத்தையே திருத்தும் மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றுகூட மிச்சமில்லாமல். வெஸ்ப்ரேம் என்ற ஊரின் உறுப்பினர் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போனதால் இடைத்தேர்தல். 2015 பிப்ரவரி 22-ஆம் தேதி அந்த ஊர் ஒரு சுயேச்சையை ஜெயிக்க வைத்தது. மூன்றில் இரண்டு காலி!

வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே கணக்கை மாற்றியது வாக்காளர். இங்கே வாக்காளரின் பெயரைச் சொல்லி வேறொருவர்.

'கூட்டணி ஓட்டில்தானே ஜெயித்தார்? அதில் அ.தி.மு.க. ஓட்டும் உண்டே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்சித் தலைமை மேல் உண்மையான கோபமும் இருந்திருக்கலாம். ஒருவர் ஆயுசுக்கும் ஒரே கட்சியில் கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனம் மாறிய அன்றே ராஜினாமா செய்துவிட்டு, 'இப்போது இந்தப் பக்கம் நிற்கிறேன், சம்மதமா?' என்று செங்கத்து மக்களிடம் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பேன். வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு, இடைத்தேர்தலே வராத நேரத்தில் எழுந்து போவதற்குப் பெயர் ராஜினாமாவா?

2016 தேர்தலில் செங்கம் தி.மு.க.வுக்குப் போனது. தே.மு.தி.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. ராஜினாமா செய்த பத்துப் பேரில் ஒருவரான பாண்டியராஜன், ஆவடியில் அ.தி.மு.க. சார்பில் வென்று அமைச்சரும் ஆனார். சட்டம் யாரைத் தண்டித்தது, சொல்லுங்கள்?

பாங்க்கில் செக் கொடுக்கும்போது மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதுகிறோம். பெயருள்ளவர் கணக்கைத் தவிர வேறெங்கும் பணம் போகாது. ஆயிரம் ரூபாய்க்கே அவ்வளவு ஜாக்கிரதை. ஐந்து வருஷத்தை எழுதிக் கொடுக்கிற செக்குக்கு மட்டும் கோடு கிடையாது.

மை மட்டும் நம் விரலில்!