மோரே எல்லை: 16 கிலோமீட்டரும் 10 கிலோமீட்டரும்

நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் லோங்வா என்றொரு கொன்யாக் நாகர் கிராமம். ஊர்த்தலைவரான அங்கின் வீட்டுக்கு நடுவே இந்திய–மியான்மர் எல்லைக்கோடு ஓடுகிறது. 1,643 கிலோமீட்டர் எல்லை நெடுகிலும் நாகர், குக்கி, மிசோ உறவுகள் இப்படித்தான் இரு நாட்டிலும் கிடக்கின்றன. அவர்களைக் கேட்டு யாரும் அந்தக் கோட்டைப் போடவில்லை.

எல்லையிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் வசிக்கும் பழங்குடி மக்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் போய்வரலாம் என்ற ஏற்பாடு அந்த அநியாயத்துக்கு ஓரளவு பரிகாரமாக இருந்தது. எல்லை திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மணிப்பூரின் மோரே சாட்சி. 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்களில் சிலர் அங்கே குடியேறி, தமிழ்ச் சங்கமும் கோயிலும் கண்டார்கள். எல்லைக் கேட்டைத் தாண்டினால் மியான்மர் பக்கத்தில் நம்பலோங் சந்தை. காலையில் போய்ச் சரக்கெடுத்து, மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். சின்னக் கடைகளின் அடுப்பு அதில்தான் எரிந்தது.

ஆனால் யார் வந்தார், யார் திரும்பினார் என்ற கணக்கு ஒழுங்காக இல்லை. ஆயுதக் குழுக்களுக்கும் போதைப்பொருள் கடத்துவோருக்கும் அது வசதியாயிற்று. 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023இல் இனக்கலவரத்தில் மணிப்பூர் பற்றி எரிந்தது. 2024 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாடு ரத்து என்றார். மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. முழு ரத்துக்குப் பதிலாக அந்த ஆண்டு டிசம்பரில் புது விதிகள் வந்தன: 10 கிலோமீட்டர், அசாம் ரைபிள்ஸ் தரும் பாஸ், ஏழு நாள் தங்கல், கைரேகைப் பதிவு.

பாஸும் பதிவும் சரியான திருத்தம். முன்பே செய்திருக்க வேண்டும். தூரத்தைக் குறைத்ததற்குத்தான் நியாயம் தெரியவில்லை. துப்பாக்கி கடத்துகிறவன் பாஸுக்காக வரிசையில் நிற்கப் போவதில்லை; பதினோராவது கிலோமீட்டரில் இருக்கும் கிழவிதான் தங்கை வீட்டுச் சாவுக்குப் போக முடியாமல் நிற்பாள். கடப்பதற்கு 43 இடங்கள் என்கிறது திட்டம். சராசரியாகப் பார்த்தால் 38 கிலோமீட்டருக்கு ஒன்று. சமவெளியில் அது பஸ் பயணம், அந்த மலைகளிலோ ஒரு நாள் நடை.

பதிவு இருக்கட்டும். பழைய 16 கிலோமீட்டரைத் திருப்பிக் கொடுங்கள். பாஸை அந்தந்த ஊரிலேயே வழங்குங்கள்.