சிறை நிரம்புவது எதனால்?

நோயின் முதலை அறிந்த பின்னரே மருந்து செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அது மருத்துவர்க்கு மட்டுமன்று, நாடாள்வோர்க்கும் உரியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறைகளைப் பற்றி எழுந்த இரு நூல்களை ஒருசேரக் கற்போர்க்கு, நோய்முதல் நாடுதல் எத்துணை அரிது என்பது விளங்கும்.

1970களின் தொடக்கத்தில் அந்நாட்டின் மாநிலச் சிறைகளிலும் மத்தியச் சிறைகளிலும் இருந்தோர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். 2009இல் அத்தொகை 16 இலட்சமாயிற்று. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 80,000 பேருக்கென அமைந்த சிறைகளில் அதைப்போல் இருமடங்கினர் அடைக்கப்பட்டனர். நோயுற்ற கைதிகளுக்கு முறையான மருத்துவமும் கிட்டவில்லை. நெரிசலைக் குறைத்தே தீர வேண்டுமென 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை பேர் உள்ளே சென்றது எவ்வாறு?

சட்ட அறிஞர் மிச்செல் அலெக்சாண்டர் 2010இல் வெளியிட்ட ‘புதிய ஜிம் குரோ’ என்னும் நூல் இதற்கு ஒரு விடை கூறுகிறது. அடிமை முறை ஒழிந்த பின் கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு ஜிம் குரோ என்று பெயர். போதைப்பொருளின் மேல் தொடுக்கப்பட்ட போர் அவ்வொதுக்கலையே புதிய உருவில் கொண்டு வந்தது என்பது அவர் கட்சி. சிறை மீண்டவன் வேலை, வீடு, பல மாநிலங்களில் வாக்குரிமை ஆகியவற்றை இழந்து நிற்பதை அவர் விளக்கும் பகுதி, கற்போர் நெஞ்சை உலுக்க வல்லது.

2017இல் வந்த ‘லாக்டு இன்’ என்னும் நூலில் பேராசிரியர் ஜான் பாஃப் இதை மறுக்கிறார். கைதிகளில் மிகப் பெரும்பாலோர் மாநிலச் சிறைகளில் உள்ளனர். அவர்களுள் போதைப்பொருள் குற்றத்துக்காக இருப்போர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே. வன்முறைக் குற்றத்துக்காக இருப்போரோ பாதிக்கு மேற்பட்டோர் என்கிறார். 1994 முதல் 2008 வரை குற்றமும் குறைந்தது, கைதும் குறைந்தது. பெருங்குற்ற வழக்குகளின் தொகை மட்டும் ஏறியது. ஆதலின் அவர் விரல் சுட்டுவது அரசுத் தரப்பு வழக்கறிஞரை. பெரும்பாலான மாநிலங்களில் அவர் உள்ளூர் மக்களின் வாக்கால் பதவி பெறுகிறார்; அவர் சிறைக்கு அனுப்புவோர்க்கு ஆகும் செலவை மாநிலம் ஏற்கிறது. கடுமை காட்டினால் புகழ் உண்டு, செலவு இல்லை. பின் கை தாழுமோ?

இவ்வாதம் வலியது, ஆயினும் முழுமையன்று. ஓர் அறையில் பத்தாண்டில் பத்துப் பேர் ஓராண்டு வீதம் இருந்து போகலாம். அடுத்த அறையில் ஒருவனே பத்தாண்டும் கிடக்கலாம். ஒருநாள் கணக்கெடுப்பில் இரண்டும் ஒன்றே. சிறையில் இருப்போரை எண்ணினால் பாஃப் வெல்வார். சிறையின் வடுவைச் சுமப்போரை எண்ணினால் அலெக்சாண்டரின் சொல்லுக்கு எடை கூடும். மேலும், வழக்கறிஞரின் கையில் கோலைக் கொடுத்தவர் யார்? 1994இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், மூன்றாம் பெருங்குற்றத்துக்குக் குறைந்தது 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்றது. அத்தகைய அச்சம் தலைமேல் தொங்கும்போது, விசாரணையே வேண்டாமெனச் சிறு குற்றத்தை ஒப்புக்கொள்வோர் எத்தனை பேர்! சட்டம் செய்தவரும் இதில் பங்காளியே அன்றோ?

எனினும் பாஃப் நூலின் பெரும்பயன் ஒன்றுண்டு. போதைக் கைதிகளை விடுவித்தால் போதும் என்னும் எளிய ஆறுதலை அது பறித்து விடுகிறது. மாநிலச் சிறைகளிலிருந்து அவர்கள் அனைவரையும் விட்டாலும் ஆறில் ஐந்து பங்கினர் எஞ்சுவர். அரசியலாரோ, ‘சிறு குற்றவாளிக்கு இரக்கம், வன்முறையாளனுக்கு இன்னும் கடுமை’ என்று முழங்கிக் கைதட்டல் பெறுகின்றனர். ஒரு கையால் திறந்த கதவை மறு கையால் பூட்டும் செயல் இது.

கொடுமை செய்தவனுக்கும் தண்டனைக்கு ஓர் அளவு வேண்டும் என்று, கொடுமைக்கு ஆளானவர் முன் நின்று சொல்லும் துணிவு வேண்டும். அத்துணிவு பிறக்கும்வரை, எத்தனை புதிய சிறைகளைக் கட்டினாலும் அவை நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.