கையும் கண்ணும்

ஆங்கிலேயனுக்கு அறிவது என்றால் பிடிப்பது, நமக்கு அறிவது என்றால் விளங்குவது. இப்படி ஒரு வாக்கியம் நம் வட்டத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர்கள் 'க்ராஸ்ப்', 'காம்ப்ரிஹெண்ட்' என்று இரண்டு சான்றும் உடனே தருவார்கள். நானும் இதை எழுதியிருக்கிறேன், மொழிபெயர்ப்பு பற்றிய ஒரு கட்டுரையில், மிக நிச்சயமான குரலில். கிழக்குக்கு வெளிச்சம், மேற்குக்கு விலங்கு என்று சிரமமில்லாமல் பாகப்பிரிவினை செய்துவிடும் வாக்கியம் அது. இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் கை இருப்பது நிஜம். லத்தீனில் 'ப்ரெஹெண்டெரே' என்றால் பற்றுவது. 'காபெரே' என்றால் எடுப்பது. முதலாவதிலிருந்து 'காம்ப்ரிஹெண்ட்', 'அப்ரிஹெண்ட்'. இரண்டாவதிலிருந்து 'பெர்ஸீவ்', 'கன்ஸீவ்'. திருடனைப் போலீஸ் பிடிப்பதும் கருத்தை மனம் பிடிப்பதும் ஒரே 'அப்ரிஹெண்ட்' தான். அதன் பெயர்ச்சொல்லுக்குப் பயம் என்றும் அர்த்தம் ஏறிவிட்டது. வரப்போவதை மனம் முன்கூட்டியே பற்றிக்கொள்வதுதானே பயம். ஷேக்ஸ்பியர் 'எ மிட்ஸம்மர் நைட்ஸ் ட்ரீம்' கடைசி அங்கத்தில் தீஸியஸ் வாயிலாக இந்த இரண்டு கைகளையும் எதிரெதிரே நிறுத்துகிறார். காதலர், பைத்தியக்காரர் கற்பனை 'அப்ரிஹெண்ட்' செய்வது நிதான அறிவு 'காம்ப்ரிஹெண்ட்' செய்வதை மிஞ்சுகிறது என்பது அவன் பேச்சின் சாரம். அதே பேச்சில் கவிஞனையும் அவர்களோடு சேர்த்துவிடுகிறான். இரண்டும் ஒரே வேர். ஒன்று எட்டித் தொடுகிற கை, மற்றது சுற்றி வளைத்துக் கட்டுகிற கை. தீஸியஸ் சொல்வது கேலியாகத்தான். ஆனால் நாடகம் அவன் பக்கம் இல்லை.

சரி, நம் கை எங்கே போயிற்று? 'கிரகித்தல்' என்று எழுதுகிறோமே, அதன் வடமொழி வேருக்குப் பற்றுதல் என்றே அர்த்தம். 'பிடிபட்டது' என்கிறோம். 'உள்வாங்கினேன்' என்கிறோம். 'புரிந்துகொள்', 'தெரிந்துகொள்' என்பவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கொள்' வேறென்ன? மறுபுறம் ஆங்கிலத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவன் சொன்னது விளங்கிவிட்டால் மற்றவன் 'ஐ ஸீ' என்கிறான். 'ஐடியா' கிரேக்கத்தில் பார்வையிலிருந்து பிறந்த சொல். 'இன்ஸைட்' உள்ளே பார்ப்பது. எல்லாவற்றையும்விடப் புழக்கமான 'அண்டர்ஸ்டாண்ட்' என்ற வார்த்தையில் கையும் இல்லை, கண்ணும் இல்லை, இருப்பது கால். அதில் வரும் 'அண்டர்' கீழே என்பதல்ல, நடுவே, அருகே என்பதே பழைய பொருள் என்று சொல்லாய்வாளர் பலரும் கருதுகிறார்கள். விஷயத்தின் பக்கத்தில் போய் நிற்பது. கிழக்கு மேற்கு வாக்கியத்துக்கு இந்தக் கால் எந்தப் பக்கம் சேரும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஆங்கிலம் இழந்தது வேறு. பழைய ஆங்கிலத்தில் அறிதலுக்கு ஒன்றல்ல, மூன்று வினைகள் இருந்தன. ஒரு செய்தியை, உண்மையை அறிவது 'விட்டன்'. ஆளையோ பொருளையோ அடையாளம் கண்டு அறிவது 'க்னாவன்'. செய்யத் தெரிந்திருப்பது 'குன்னன்'. மூன்றாவது 'கேன்' ஆகி வெறும் இயலும் என்று சுருங்கிவிட்டது. இரண்டாவது 'நோ' ஆகி மற்ற இரண்டின் வேலையையும் எடுத்துக்கொண்டது. அந்த வார்த்தையின் முன்னால் உச்சரிக்கப்படாமல் நிற்கும் 'கே' எழுத்து 17-ஆம் நூற்றாண்டு வரை உச்சரிக்கப்பட்டதுதான்; நம் 'பிரக்ஞை'யில் இருக்கும் 'க்ஞ'வுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். முதலாவது செத்தேவிட்டது. 1611-இல் வந்த பைபிள் மொழிபெயர்ப்பில் 'வாட்', 'விஸ்ட்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு 'விட்னஸ்', 'அன்விட்டிங்' போன்றவற்றில் எலும்பாகக் கிடைக்கிறது. இந்த 'வாட்' என்பதன் பூர்வீகம் விசேஷமானது. அது முதலில் இறந்தகால வடிவம்: பார்த்துவிட்டேன், ஆகவே அறிவேன். கிரேக்கத்தின் 'ஓய்டா', வடமொழியின் 'வேத' இரண்டும் அதே வேர், அதே வடிவம். சாட்சி என்ற நம் வார்த்தைக்குள்ளும் ஒரு கண் இருக்கிறது. 'விட்னஸ்' அறிந்தவன், சாட்சி கண்ணோடு கூடியவன். அறிந்ததே பார்த்ததால்தான் என்பதால் இருவரும் ஒரே ஆள்.

பிரெஞ்சும் ஜெர்மனும் இந்தப் பிரிவை இன்றும் வைத்திருக்கின்றன. ஆங்கிலத் தத்துவக்காரர்கள் தங்கள் பாஷை தொலைத்ததைப் பெயரடை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. ஜான் க்ரோட் 1865-இல் இரண்டுவித அறிதலைப் பிரித்துக் காட்ட அந்நிய பாஷைகளின் ஜோடிச் சொற்களைத் துணைக்கு அழைத்தார். ரஸ்ஸல் 1911-இல் பரிச்சயத்தால் அறிவது, வர்ணனையால் அறிவது என்றார். கில்பர்ட் ரைல் 1949-இல் எப்படி என்று அறிவதையும் இன்னது என்று அறிவதையும் பிரித்தபோது அது புதிய கண்டுபிடிப்பு மாதிரி விவாதிக்கப்பட்டது. 'கேன்' என்ற சொல்லுக்குள் அது பல நூற்றாண்டுகளாகப் புதைந்து கிடந்தது. இதில் நாம் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. அவரைத் தெரியும், அவர் வருவது தெரியும், நீந்தத் தெரியும்: நமக்கும் ஒரே 'தெரியும்' தான்.

வார்த்தை கலங்குவது எப்போதுமே நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. எம்ப்ஸன் 1951-இல் வெளியிட்ட 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வேர்ட்ஸ்' நூலில் 'ஸென்ஸ்' என்ற ஒற்றை வார்த்தைக்கு மட்டும் மூன்று அத்தியாயங்கள் கொடுத்திருக்கிறார். அவற்றில் ஒன்று 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில், ஒன்று வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி ப்ரெல்யூட்'டில். புலன், புலனின்பம், விவேகம், அர்த்தம் எல்லாம் அதற்குள் கும்பலாக நிற்கின்றன. ஏஞ்சலோ இஸபெல்லாவின் பேச்சில் இருக்கும் விவேகத்தை மெச்சும்போதே அவன் புலன் விழித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தில் ஒரே வார்த்தை. அவனுடைய வீழ்ச்சி அங்கேயே முடிந்துவிட்டது, மீதி நாடகம் அதன் விவரம். இதைத் தமிழில் இரண்டு வார்த்தையாகப் பிரித்துத் தெளிவாக்குகிற மொழிபெயர்ப்பாளன் நாடகத்தைக் கொன்றுவிடுவான்.

நான் சொல்ல வந்தது இலக்கணம் பற்றி. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'மீதிங்ஸ்' என்று இருந்தது. ஷேக்ஸ்பியரில் நிறையக் கிடைக்கும். பலரும் நினைப்பதுபோல அது 'நான் நினைக்கிறேன்' என்பதன் கொச்சையல்ல. அதிலுள்ள 'மீ' நான் அல்ல, எனக்கு. 'திங்ஸ்' என்பதும் நினைப்பதல்ல. தோன்றுவது என்று பொருள்படும் வேறொரு பழைய வினை. எனக்குத் தோன்றுகிறது: அசலாக நம் வாக்கியம். இரண்டு வினைகளும் உச்சரிப்பில் ஒன்றாகிப்போய், தோன்றுவது நினைப்பதில் கரைந்து, எனக்கு என்பது நான் ஆகிவிட்டது. அறிதல் நேர்வதாக இருந்த இடத்தில் அறிதல் செய்வதாக ஆனது.

நமக்கு அந்த நான்காம் வேற்றுமை பிழைத்திருக்கிறது. எனக்குத் தெரிகிறது, எனக்குப் புரிகிறது. இதையே என் பழைய கட்டுரையில் பெருமையாக எழுதினேன். அது நமக்கு என்ன செய்திருக்கிறது என்று பார்க்கவில்லை. 1959-இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து புதுக்கவிதைமேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு ஒற்றை வார்த்தை: புரியவில்லை. அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கவிதை. எனக்கு என்ற சொல் முதலில் ஒரு மூலையில் நிற்கும். பிறகு அதுவும் நைஸாக வெளியேறிவிடும். கவிதை புரியவில்லை. வாசகனே இல்லாத வாக்கியம்! ஆங்கிலேயன் இதைச் சொல்ல வேண்டுமானால் 'ஐ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்று தன்னை முன்னால் நிறுத்தியாக வேண்டும். விஷயத்தின் பக்கத்தில் போய் நிற்காதது தன் கால் என்று அவன் இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. நம்மவர் யாரும் 'நான் புரிந்துகொள்ளவில்லை' என்று எழுதி நான் படித்ததில்லை. நான் இளப்பமாகப் பேசிய அந்தக் 'கொள்', அந்தக் கை, இங்கேதான் வேண்டியிருந்தது.

கை நீட்டுவதெல்லாம் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. கீட்ஸ் 1817 டிசம்பரில் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில் நிச்சயமின்மையில் இருக்க முடிவதை, உண்மையையும் காரணத்தையும் தேடிப் பொறுமையின்றிக் கை நீட்டாமல் இருக்க முடிவதை ஷேக்ஸ்பியரின் குணமாகச் சொல்கிறார். கோல்ரிட்ஜிடம் அது இல்லை என்கிறார். அவரிடம் புரியவில்லை என்பது புகார் அல்ல, இருப்பு. அங்கே இருப்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தீஸியஸின் அந்தப் பேச்சைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் பிரதியில் இரண்டு வினைகளுக்கும் 'புரிதல்' என்றே போட்டிருந்தேன். 'காம்ப்ரிஹெண்ட்' பரவாயில்லை, 'வசப்படுத்து' என்பது ஓரளவு தாங்குகிறது. மற்றதற்கு 'உணர்' என்றால் கை போய்விடுகிறது, 'பற்று' என்றால் போலீஸ் வந்துவிடுகிறது. இருட்டில் துழாவும் விரல்களுக்குச் சுவரோ இன்னொருவர் முகமோ எதிர்ப்படுவதைச் சொல்லும் வார்த்தை ஒன்று வேண்டும். 'தட்டுப்படு' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.