கடன் வாங்கிய சிரிப்பு

பினாங்கில் நாலு தமிழர் கூடிப் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசினால், ‘லொள்ளு சபா’ வராமல் பேச்சு முடியாது. 2000-களின் நடுவில் விஜய் டி.வி.யில் சில ஆண்டுகளே ஓடிய நிகழ்ச்சி அது. ராம்பாலா இயக்கினார். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, சேஷு என்று ஒரு கூட்டம் ஓடி முடிந்த தமிழ்ப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சிரிக்கச் சிரிக்கக் கிழித்துத் தொங்கவிட்டது. நிகழ்ச்சி நின்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் துணுக்குகள் இன்னும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கின்றன. சேஷு 2024-இல் காலமானபோதும் ‘லொள்ளு சபா சேஷு’ என்றுதான் செய்தி வந்தது. அத்தனை படங்களில் நடித்த பிறகும் அந்த அடைமொழி அவரை விட்டுப் போகவில்லை.

இவ்வளவு பிரியத்துக்கு அந்த நிகழ்ச்சி தகுதியானதா? பெரும்பாலும் தகுதியானதுதான் என்பது என் கட்சி. ஆனால் அதை எதற்காகக் கொண்டாட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எதை மறந்திருக்க வேண்டுமோ அதையே நாம் பிடித்துக்கொண்டோம். பினாங்கிலிருந்து பார்க்கும்போது இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

முதலில் அதன் பலம். தமிழ் வணிகப் படத்துக்கென்று எழுதாத சட்டங்கள் சில உண்டு. நாயகன் முகம் உடனே தெரியாது. முதலில் செருப்பு, பிறகு கை, கடைசியில்தான் முகம். வில்லனின் அடியாட்கள் இருபது பேர் இருந்தாலும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து அடி வாங்குவார்கள். பஞ்ச் வசனம் முடிகிறவரை எதிராளி வாயைத் திறக்கமாட்டான். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் விநோதம் எதுவும் தெரியாது. ‘லொள்ளு சபா’ செய்த வேலை எளிமையானது: சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றியது. அதே பின்னணி இசை, அதே நடை, அதே முறைப்பு. ஆனால் நடந்து வருகிறவர் சட்டை பொருந்தாத ஒல்லி ஆள். வசனத்தில் உவமை வந்தால் எதிரே நிற்பவர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு சந்தேகம் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் மொத்தக் காட்சியும் சரிந்துவிடும். அப்புறம் அசல் படத்தை மறுபடி பார்த்தால் அந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாது. படம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை வகுப்பெடுக்காமலே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த நிகழ்ச்சி அது. பத்திரிகை விமர்சனம் எட்டாத வீடுகளிலும் அந்தப் பாடம் எட்டியது.

இரண்டாவது பலம் அதன் ஏழ்மை. செலவில்லாத அரங்கு, திரும்பத் திரும்ப அதே முகங்கள், கிடைத்ததை மாட்டிக்கொண்ட உடுப்பு. பெரும் பொருட்செலவில் எடுத்த பிரமாண்டத்தை அட்டைச் சுவருக்கு முன்னால் நடித்துக் காட்டும்போது, எஞ்சுவது கதை மட்டும்தான். கதை இல்லாத படம் அங்கே வசமாக மாட்டிக்கொள்ளும். பணமில்லாததையே கேலிக்கான கருவியாக்கிய சாமர்த்தியத்தைப் பின்னாளில் காசு கொட்டி எடுத்த பகடிகள் பல எட்டவில்லை.

மூன்றாவது, துணிச்சல். எம்.ஜி.ஆர். 1977-இலும் ஜெயலலிதா 1991-இலும் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்த மாநிலத்தில் நட்சத்திரத்தைக் கேலி செய்வது சும்மா விளையாட்டல்ல. நடிகர் விஜயின் ‘போக்கிரி’ (2007) ‘பேக்கிரி’ ஆனபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தை அந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த நற்சான்றிதழாகவே எடுத்துக்கொள்ளலாம். மன்றமும் கட்-அவுட்டும் கட்டிக் காத்த பிம்பத்தை அரை மணி நேரத்துக்காவது மனிதனாக்கிக் காட்டியது அது.

இனிக் குறைகள். இவற்றைச் சொல்ல, கடல் கடந்த ஓர் ஒப்பீடு உதவும். 1994 ஜனவரியில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘தி கிரிட்டிக்’ என்ற கார்ட்டூன் தொடர் தொடங்கியது. ‘தி சிம்ப்சன்ஸ்’ எழுத்தாளர்களான அல் ஜீனும் மைக் ரீஸும் உருவாக்கியது. நியூயார்க்கில் தொலைக்காட்சிப் பட விமர்சகராக இருக்கும் ஜே ஷெர்மன் என்ற குண்டு மனிதர்தான் நாயகன். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஜான் லோவிட்ஸ். ஏபிசி கைவிட, மறு ஆண்டு ஃபாக்ஸுக்குப் போய், 23 அத்தியாயங்களோடு அது நின்றது. அதற்கும் இன்றுவரை விசுவாசமான ரசிகர் கூட்டம் உண்டு. அந்தத் தொடர் எடுக்கப்படாத படங்களைக் கற்பனை செய்து கேலி செய்தது: ஒருபோதும் வராத இரண்டாம் பாகங்கள், யாரும் கேட்காத ரீமேக்குகள். எந்தப் படத்தையும் பார்க்காதவருக்கும் ஹாலிவுட் எப்படி யோசிக்கிறது என்பது புரிந்துவிடும். அதிலும் அன்றைய பிரபலங்களின் தோற்றத்தை வைத்து அடித்த ஜோக்குகள் இன்று செத்துப்போய்விட்டன. வியாபாரப் புத்தியைக் கேலி செய்தவை உயிரோடிருக்கின்றன.

‘லொள்ளு சபா’வின் முதல் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அது குறிப்பிட்ட ஒரு படத்தின் மேல் ஏறி நிற்கும் கேலி. மூலப் படம் மறந்துபோனால் பாதி சிரிப்பு போய்விடும். ஒரு படத்தை விட்டுவிட்டு எல்லாப் படங்களுக்கும் பொதுவான சூத்திரத்தைப் பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதை சி.எஸ். அமுதன் ‘தமிழ்ப்படம்’ (2010) எடுத்துக் காட்டினார். சினிமாப்பட்டி என்ற ஊரில் ஆண் குழந்தைகளைக் கொல்கிறார்கள். பாட்டி காப்பாற்றிச் சென்னைக்குக் கொண்டுபோன பையன், சைக்கிள் மிதிக்கிற நேரத்தில் வாலிபன் சிவாவாக வளர்ந்து நிற்கிறான். ஒரு காப்பி வந்து சேர்வதற்குள் கோடீஸ்வரனும் ஆகிவிடுகிறான். இதில் எந்த நடிகரும் தனியாகக் குறிவைக்கப்படவில்லை. நம் பொறுமைதான் குறி. முப்பது ஆண்டுகளாக இதையெல்லாம் நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று அந்தப் படம் நம்மையே கேட்கிறது.

இரண்டாவது குறை கனமானது. நிகழ்ச்சி தமிழ்ப் படத்தின் நடை உடையைக் கேலி செய்ததே தவிர, அதன் மதிப்பீடுகளைத் தொடவில்லை. பெண்ணைத் துரத்துவதே காதல் என்று படம் சொன்னால், துரத்துகிறவன் ஸ்டைலைக் கிண்டலடித்தார்கள், துரத்தலை விட்டுவிட்டார்கள். கறுப்பு நிறம், பல், வழுக்கை, உடல் பருமன் ஆகியவை அங்கேயும் ஜோக்குகளாகவே இருந்தன. ஆண் புடவை கட்டி வந்தாலே சிரிக்க வேண்டும் என்ற பழைய மேடை வழக்கமும் தொடர்ந்தது. கேலி செய்யப்பட்ட படங்களும் கேலி செய்தவர்களும் இந்த விஷயத்தில் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் விளைவு திரையில் தெரிந்தது. ‘மன்மதன்’ (2004) வழியாகச் சினிமாவில் கவனம் பெற்ற சந்தானம் சில ஆண்டுகளில் தவிர்க்க முடியாத நகைச்சுவை நடிகரானார். சின்னத்திரையில் நாயகனைச் சாய்த்த அதே நக்கல், பெரிய திரையில் நாயகனுக்குத் தோழனாகி, பக்கத்தில் நிற்கிற எளிய ஆளை உருவத்தை வைத்துச் சாய்க்கத் தொடங்கியது. மேல்நோக்கி எறிந்த கல் கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. பிறகு அவரே நாயகனானார். ராம்பாலாவின் இயக்கத்தில் ‘தில்லுக்கு துட்டு’ (2016) வந்தது. அதே கூட்டத்தில் சிறு வேடங்களில் தலைகாட்டிய யோகி பாபுவுக்கோ முகமும் முடியுமே நெடுநாள் வேடமாயின. ‘மண்டேலா’ (2021) வந்துதான் அந்த முகத்துக்குள் ஒரு மனிதன் இருப்பதைப் பார்க்க முடிந்தது. தன்னைக் கேலி செய்தவர்களைத் தமிழ் சினிமா தண்டிக்கவில்லை. வேலைக்கு எடுத்துக்கொண்டது. கேலியை அடக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இதில் பினாங்குத் தமிழருக்கு என்ன? ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் கடைக்குக் கடை சென்னைப் பாட்டு காதைப் பிளக்கும். பாட்டும் படமும் நட்சத்திரமும் அங்கிருந்து வருவது பழைய கதை. அவற்றைக் கேலி செய்யும் சிரிப்பும் அங்கிருந்தே வந்து இறங்குகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. இங்கே பள்ளி ஆண்டு விழாவிலும் கல்யாண விருந்து மேடையிலும் பையன்கள் போடும் பகடி நாடகங்களைப் பார்த்தால் தெரியும். வீட்டில் மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசுகிற பிள்ளை, மேடை ஏறியதும் மெட்ராஸ் பாஷைக்கு மாறிவிடுகிறான். சிரிக்க வைக்கவும் சென்னைக்காரனாக வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் படத்தைப் படத்தாலேயே கேலி செய்த முன்னோடி இந்தத் தீவில் பிறந்தவர். மலாய் நடிகரும் இயக்குநருமான பி. ரம்லி 1929 மார்ச் 22-இல் பினாங்கில் பிறந்தார். அந்த வீடு இன்று காட்சியகம். ‘பக்தி’ (1950) என்ற மலாய்ப் படத்தில் அவரை முதன்முதலாக நாயகனாக்கிய எல். கிருஷ்ணன் ஒரு தமிழர். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் மலாய்ப் படங்களில் பலவற்றை இயக்கியவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பாட்டும் அழுகையும் மிகை நடிப்பும் நமக்குத் தெரிந்த பாணிதான். அந்தப் பாணிக்குள் வளர்ந்த ரம்லி ‘செனிமான் பூஜாங் லாப்போ’ (1961) எடுத்தார். பிழைக்க வழியில்லாத மூன்று பிரம்மச்சாரிகள் நடிகராகலாம் என்று ஸ்டுடியோ வாசலில் போய் நிற்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வசனம் குழறி, வீராவேசக் காட்சியைக் குட்டிச்சுவராக்குகிறார்கள். கேலிக்கு ஆளாவது ரம்லிக்குச் சோறு போட்ட அதே ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவின் பகட்டுதான். அங்கே சிரிப்பு யாருடைய நிறத்தையும் நம்பி இல்லை. நடிகனுக்கும் அவன் போடும் வேடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நம்பி இருக்கிறது. குறிப்பிட்ட எந்தப் படத்தையும் பார்த்திருக்கத் தேவையில்லை என்பதால், அறுபது ஆண்டுகள் கழித்தும் அது மலேசியரைச் சிரிக்க வைக்கிறது.

‘லொள்ளு சபா’வின் குறைகளைச் சொல்லிவிட்டதால் அதன் மேலுள்ள பிரியத்தை யாரும் விட வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தின் கண் நமக்கு வேண்டும். அதன் உருவக் கேலி வேண்டாம். அந்தக் கண்ணை நம் பக்கம் திருப்பினால் கேலிக்குப் பஞ்சமிருக்காது. தீபாவளிக்குத் தீபாவளி வரும் நம் தொலைக்காட்சிப் படங்களில் குடும்பம் ஏன் ஒரே மாதிரி பிரிந்து ஒரே மாதிரி சேர்கிறது? உள்ளூர்ப் படத்து ரவுடி ஏன் இன்னும் கோடம்பாக்கத்து நடை நடக்கிறான்? ‘உள்ளூர்ப் படம், குறை சொல்லாதீர்கள்’ என்று தட்டிக்கொடுத்தே வளர்க்கப் பார்க்கிறோம். ஒரு படத்தைக் கேலி செய்ய வேண்டுமானால் அதைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். சென்னைப் படங்களுக்கு நாம் தாராளமாகக் கொடுக்கும் அந்தக் கவனத்தை நம் படங்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை.